கயிறு கட்டாத கால்

ஆறு களம் வென்ற சண்டைச்சேவல் அது. எசமான் தினமும் கொத்துக்கறியும் ஈரலும் ஊட்டுவார். உடம்பு ஊதிவிடும் என்று தண்ணீரை மட்டும் அளந்து வைப்பார். ஒரு விடியலில் அதன் வலது கால் விரல் மூட்டு சிவந்து வீங்கி, நெருப்பாய்ச் சுட்டது. தன் இறகு உரசினாலே உயிர் போனது.

"எல்லாம் இந்தக் கயிற்றால் வந்த வினை" என்று சேவல் கறுவியது.

குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த நாட்டுக்கோழி நிமிர்ந்து பார்த்தது. "அண்ணே, கயிறு இடது கால்லதானே கட்டியிருக்கு? இத்தனை கறியும் தின்னுட்டுத் தண்ணியும் குடிக்கலைன்னா, உடம்புல இருக்குற உப்பு மூட்டுலதான் போய் உறையும்."

"குப்பை மேயுற உனக்கு என்னடி தெரியும்? இந்தக் காலைக் கட்டினா அந்தக் கால்தானே சுமக்கணும்?"

எசமான் கயிற்றைக் கால் மாற்றிக் கட்டினார். பத்து நாளில் வீக்கம் தானாக வடிந்தது. "பாத்தியா?" என்று சேவல் ஊருக்கே கேட்கக் கூவியது.

அடுத்த மாதம் வலி இரண்டு காலுக்கும் வந்தது. மூட்டுகளில் சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளைப் புடைப்புகள். தெம்பு வரட்டும் என்று எசமான் கறியை இரட்டிப்பாக்கினார். சேவல் ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கவில்லை. ஆனாலும் எழுந்து நிற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எசமான் அதன் கால்களைத் திருப்பிப் பார்த்தார். நெஞ்சுக்கறியை அமுக்கிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கயிற்றை அவிழ்த்தார்.

"கயிறுதான் காரணம்னு இப்பவாவது எசமானுக்குப் புரிஞ்சுதே" என்றது சேவல், அவர் கக்கத்தில் இருந்தபடி.

கோழி மறுபடி குப்பையைக் கிளறத் தொடங்கியது. சமையற்கட்டில் மசாலா அரைபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.