கண்ணாடி முன் நேராக

சின்னக் குழந்தை இருக்கிற வீடுகளில் எல்லாம் அந்தக் கண்ணாடியை மாட்டியிருந்தார்கள். காலையில் குழந்தை எதிரே நின்றால் போதும். நிற்கிற விதத்தையும் விழியையும் பார்த்து, மூளையில் கட்டி கிட்டி இருக்கிறதா என்று சொல்லிவிடும். பச்சை எரிந்தால்தான் பால்வாடிக் கதவு திறக்கும்; ஒருமுறை எரிந்துவிட்டால் அன்றைக்கு அது மாறாது.

மில் வேனைப் பிடிக்கிற அவசரத்தில் சுகந்திக்கு அது பெரிய இம்சை. மகள் நறுமுகை கொஞ்ச நாளாக ஒழுங்காக நிற்பதேயில்லை. தலை இடப்பக்கம் சாய்ந்துகொள்ளும். தலைவாரினால் வகிடு கோணிப் போகும். கண்ணாடியில் மஞ்சள் எரிந்து, மீண்டும் நிற்கச் சொல்லும்.

விளையாட்டுக்குச் சாய்க்கிறாள் என்றுதான் சுகந்தி நினைத்தாள். கட்டி இருந்தால் சிவப்பு அல்லவா எரியும்? மஞ்சளுக்கு யாரும் பயப்படுவதில்லை.

"ஃபோட்டோவுக்கு நிக்கற மாதிரி நேரா நில்லு சாமி" என்று மோவாயைப் பிடித்து நிமிர்த்துவாள். பச்சை எரியும். இருவரும் படியிறங்கி ஓடுவார்கள்.

அன்று அவள் அடுப்படியில் டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அம்மா, நானே நின்னுட்டேன். பச்சை வந்துருச்சு."

சுகந்தி எட்டிப் பார்த்தாள். குழந்தை இரண்டு கைகளாலும் தன் தலையைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தது.

"கைய எடு சாமி."

"எடுத்தா சாயுதும்மா."

"பரவால்ல, எடு."

எடுத்தது. தலை மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. வெளியே வேன் ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பச்சை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.