ஹனீன் செய்த கொடுமைகள்

“அவ ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டுட்டா, வைதேகி” என்றாள் சாயிரா பானு.

வைதேகி அப்படியே நின்றுவிட்டாள். “பூட்டா? மருமக மாமியாருக்கா?”

“நின்னா எப்படி? நட. நடந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்.”

வைதேகி நடந்தாள். நடப்பது என்றாலே அவளுக்கு வேப்பங்காய். அதிக நேரம் உட்கார்ந்தால் குலுங்கி எழுப்பும் கைக்கடிகாரம் ஒன்றை மகன் நிதீஷ் வாங்கித் தந்தான். அதைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள்.

காலில் பட்ட சின்னக் காயம் ஆறவே மாதக்கணக்கானது. “சர்க்கரை இப்படியே இருந்தா அடுத்த தடவை விரலை எடுக்க வேண்டி வரும். தினமும் நடங்க” என்றார் பாலிகிளினிக் டாக்டர். பயந்துபோய் நடந்தாள். ஒரு வாரத்தில் பயம் போனது, நடையும் போனது.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு மாடி மேலே குடியிருக்கும் சாயிரா பானு தன் மருமகள் ஹனீனைப் பற்றி வாய் திறந்தாள். முதலில் மீன் குழம்பைக் குப்பையில் கொட்டியது. பிறகு மாமியாரின் மூக்குக் கண்ணாடியை ஒளித்து வைத்தது. இப்போது பூட்டு.

“போன்ல சொல்லேன் பானு. இதுக்காக இங்க வந்து சுத்தணுமா?” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

“போன்லயா? அவ காதுல விழுந்தா என் கதி?”

“அப்ப அந்த பெஞ்சுல உக்காந்து சொல்லு.”

“உக்காந்தா எனக்கு அழுகை வந்துடும்.”

ஆகவே தெம்பனிஸ் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கதை சூடுபிடிக்கும் இடத்தில் சரியாக லிஃப்டில் வைதேகியின் மாடி வந்துவிடும். “மிச்சம் நாளைக்கு” என்று சாயிரா பானு மேலே போய்விடுவாள். வைதேகிக்கு அன்று முழுவதும் வேலை ஓடாது.

லிஃப்டில் ஹனீனைப் பார்த்தால் வைதேகி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“நடந்துட்டு வர்றீங்களா ஆன்ட்டி?” என்று அந்தப் பெண் சிரிப்பாள்.

வைதேகி மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். செய்வதையும் செய்துவிட்டுச் சிரிப்பு வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அவள் கண்ட காட்சி அவளைக் குழப்பிவிட்டது. ஹனீன் ஒரு கையில் காய்கறிப் பைகளைச் சுமந்துகொண்டு, மறு கையால் மாமியாருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனாள். வடைக் கடையில் நின்று, சூடான வடையைப் பிட்டு ஊதி ஊதி மாமியாரிடம் தந்தாள். மாமியாரும் சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதைக் கேட்டாள்.

“தேக்காவுல பார்த்தேன். உனக்கு வடை ஊதித் தர்றா. குடை பிடிக்கிறா. எனக்கு ஒண்ணுமே புரியல, பானு.”

சாயிரா பானு ஒரு கணம் தடுமாறினாள். பிறகு நடையை வேகப்படுத்தினாள். “வெளியில அப்படித்தான் இருப்பா. வீட்டுக்கு வந்தப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா?”

“என்ன நடந்துச்சு?” வைதேகியும் வேகமாக நடந்தாள். குழப்பம் பின்னால் தங்கிவிட்டது.

“என் மகன் ஜாஃபர் வேலை முடிஞ்சு வந்தான். இவ அவனை உள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. நான் வெளியில நின்னு கேட்டேன். அவன்கிட்ட என்ன கேட்டா தெரியுமா?”

“உன்னைத் தனியா அனுப்பச் சொன்னாளா?”

“அதைவிடப் பெரிசு.” அதற்குள் நடை முடிந்து, வைதேகியின் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. “மிச்சம் நாளைக்கு.”

மறுநாள் வைதேகி அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து, காலணி மாட்டிக்கொண்டு கீழே போய்க் காத்திருந்தாள். லிஃப்ட் திறந்தது. வந்தது ஹனீன். அவள் காலிலும் நடைக் காலணி.

“மாமிக்குக் காய்ச்சல், ஆன்ட்டி. இன்னைக்கு நான் வர்றேன்.”

“காய்ச்சலா, இல்ல நீ அடைச்சு வச்சிருக்கியா?”

ஹனீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “நிஜமாவே காய்ச்சல். எந்திரிக்க முடியல. ஆனா ‘ஒரு நாள் விட்டாலும் வைதேகி மறுபடி படுத்துக்குவா, அவ காலு என்னத்துக்கு ஆகும், நீ போ’ன்னு விரட்டிக்கிட்டே இருக்காங்க. மாத்திரை கொடுத்துட்டு வந்தேன்.”

“அவளுக்குக் காய்ச்சல், கவலை என் காலைப் பத்தியா? அதுக்கு உன்னையா அனுப்பினா?”

“வேற யாரை அனுப்புவாங்க? வாங்க, வெயில் வந்துடும்.”

வைதேகி அசையவில்லை. மாமியாரை இந்தப் பாடு படுத்துகிறவளோடு சேர்ந்து நடப்பதா? திரும்பி லிஃப்டை நோக்கிப் போனாள். போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

“ஆன்ட்டி, மாமி நேத்து எந்த இடத்துல நிறுத்தினாங்க?”

வைதேகி திரும்பினாள். “எதை?”

“என் கதையை.”

வைதேகி லிஃப்டை விட்டு அவள் அருகில் வந்தாள். “நீ... கதவைச் சாத்திக்கிட்டு ஜாஃபர்கிட்ட ஏதோ கேட்டியாம். அங்கதான் நிறுத்தினா.”

“சரி, அப்ப அதுக்கு மேல நான் சொல்றேன், நடங்க” என்று ஹனீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்த வாரம் முழுக்க நான் என்னென்ன கொடுமை பண்ணணும்னு மாமியும் நானும் முன்னாடியே பேசி வச்சிருக்கோம்.”