சொல்ல மாட்டேன்

“அந்த மருந்து உன் உடம்புக்குள் எப்படிப் போனது?”

லேப்டாப் திரையில் ஊக்கமருந்து விசாரணைக் குழுவினர் மூன்று பேர். நடுவில் இருந்த கண்ணாடிக்காரர்தான் கேட்டார். துபாய்க்குப் பக்கத்து ஊரான ராஸ் அல் கைமாவில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள் அஜிஷா. பதினைந்து வயது. பக்கத்தில் அவள் அம்மா சுகிர்தராணி.

“சொல்ல மாட்டேன் சார்.”

“தெரியாதா, சொல்ல மாட்டாயா?”

“தெரியும். சொல்ல மாட்டேன்.”

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் விசாரித்த யாரும் இப்படிப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். திமிர் என்றுதான் தோன்றும். பெற்ற தாய்க்கே தோன்றியது.

இரண்டு மாதம் முன்பு துபாயில் நடந்த ஐஸ் ஸ்கேட்டிங் போட்டியில் அஜிஷாவுக்குத் தங்கம். அவள் ஆடி முடித்ததும் பார்க்க வந்தவர்கள் வழக்கப்படி பொம்மைகளை ஐஸ் மேல் வீசினார்கள். கோச்சோடு பெஞ்சில் உட்கார்ந்து மார்க்குக்காகக் காத்திருந்தபோது மடி நிறைய கரடி பொம்மைகள். அப்புறம் சிறுநீர்ச் சோதனைக்குக் கூட்டிப்போனார்கள். அதில் வந்தது மார்ஃபின், அபினிலிருந்து எடுக்கிற தடை செய்த மருந்து.

மெடலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

“உன் கோச் கொடுத்தாரா? பயப்படாமல் சொல்.” இந்த விளையாட்டில் சின்னப் பெண் மாட்டினால் பின்னால் ஒரு பெரியவர் இருப்பார் என்பது எல்லோரும் சொல்வதுதான். “யார், எப்படிக் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் உன்னை எச்சரித்து விட்டுவிடலாம். இல்லையென்றால் இரண்டு வருஷத் தடை.”

“கோச் தரல. அவர் பேரை எழுதாதீங்க.”

“இரண்டு வருஷம் என்றால் என்னவென்று புரிகிறதா?”

நன்றாகவே புரிந்தது. பதினேழில் உடம்பு மாறிவிடும். இன்றைக்கு எகிறிச் சுற்றுகிற மூன்று சுற்று அன்றைக்கு வராமலே போகலாம். ஆறு வயதிலிருந்து விடியற்காலையில் எழுந்து துபாய்க்கு ஓடியதெல்லாம் அதோடு போயிற்று.

“புரியுது சார். ரெண்டு வருஷம்னு எழுதிக்கோங்க.”

திரை அணைந்தது. சுகிர்தராணி பாய்ந்தாள்.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா? போட்டி சமயத்துல நான் ஊர்ல கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு நைட் டூட்டி. அந்த நேரம் பாத்து எவன் குடுத்தான்?”

“எவனும் குடுக்கல.”

“அப்ப நீயா வாங்கித் தின்னியா?”

“நான் தப்பு பண்ணலம்மா. அது எனக்குத் தெரியும், போதும்.”

“ஒம்பது வருஷமா பேக்டரி டூட்டி முடிச்சிட்டு தூங்காம வண்டி ஓட்டுனாரே, அந்த மனுசனுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

“ரெண்டு வருஷம் போட்டியிலதான் ஆடக்கூடாது. மால்ல டிக்கெட் எடுத்து எல்லாரோடயும் ஆடுவேன். அத யாரு தடுப்பா?”

சுகிர்தராணி அழ ஆரம்பித்தாள். அஜிஷாவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காலிங் பெல் அடித்தது. எதிர் ஃப்ளாட் உமாராணி. கையில் வெள்ளைக் கரடி பொம்மை. அவளுடைய ஏழு வயது மகள் அகிலாவுக்கு அஜிஷா ஆசையாகக் கொடுத்தது.

“இத நீங்களே வச்சுக்கங்கக்கா. ஊர ஏமாத்தி வாங்குன பொம்ம எங்களுக்கு வேணாம்.”

“உள்ள வா உமா.”

“இருக்கட்டும்.” நியாயம் பேச வந்துவிட்டால் உமாராணிக்கு உட்காரத் தோன்றாது. “பதினஞ்சு வயசுல போதை மருந்து. பில்டிங் முழுக்க இதான் பேச்சு. எங்க வீட்ல ஒரு தலவலி மாத்திர போடறதுக்கே ஆயிரம் தடவ யோசிப்போம். தப்பா எடுத்துக்காதீங்க, இனிமே அகிலாவ இங்க அனுப்ப மாட்டேன். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு.”

சுகிர்தராணி பொம்மையை வாங்கிக்கொண்டு தலைகுனிந்தாள். மகளே வாயைத் திறக்காதபோது அவள் எதை வைத்துச் சண்டை போடுவாள்?

அஜிஷா எழுந்தாள்.

“வாங்க ஆன்ட்டி, உங்க வீட்டு வாசல் வரைக்கும் வரேன்.”

“எதுக்கு? எனக்கு வழி தெரியும்.”

“ஒரு நிமிஷம்தான். வாங்க.”

வெளியே வந்ததும் அஜிஷா தன் வீட்டுக் கதவைச் சாத்தினாள்.

“போட்டிக்கு முந்தின நாள் தூக்கமே வரலன்னு உங்க வீட்டுக்கு வந்தேன்ல. கசகசா அரைச்சு பால்ல போட்டுக் குடுத்தீங்க.”

“மெல்லப் பேசுடி.” உமாராணி இரண்டு பக்கமும் பார்த்தாள். “மஞ்சப்பொடி டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சு ஊர்லேர்ந்து கொண்டாந்தது அது. எங்கம்மா எனக்குக் குடுக்கற மாதிரிதான் உனக்குக் குடுத்தேன். நல்லாத் தூங்குனியே, இப்ப அதுக்கென்ன?”

“மார்ஃபின் வந்தது அதுலேர்ந்துதான் ஆன்ட்டி. கசகசாவும் அபினும் ஒரே செடிதான். ரிசல்ட் வந்த அன்னைக்கே நெட்ல தேடிப் படிச்சுட்டேன்.”

உமாராணி தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“மிச்சம் இருந்தா இன்னைக்கே டாய்லெட்ல கொட்டிடுங்க. இந்த ஊர்ல கசகசா வச்சிருந்தா ஜெயில்னு உங்களுக்கே தெரியும். அவங்ககிட்ட நான் சொல்லல, அம்மாகிட்டயும் சொல்லல. யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

“அஜிஷா…”

“அகிலாவ எங்க வீட்டுக்கு நீங்க அனுப்பவே வேணாம் ஆன்ட்டி. அவ ஸ்கூல் விட்டு வரும்போது அவ அம்மா வீட்ல இருந்தா எனக்குப் போதும்.”