முக்கால் கிலோ விமானம்

“நேத்து என் விமானம் தொண்ணூறு கிலோ ஆளை நடு ஏரியிலேருந்து கரைக்குக் கொண்டுவந்து சேர்த்துச்சு.”

சொன்னவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தைந்து வருடம் ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கியவர், இப்போது சாப்பாட்டு மேசையில் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். புது ஃப்ரிட்ஜோடு வந்த தெர்மாகோலை மனைவியின் காய்கறிக் கத்தியால் செதுக்கி, அடிப்பாகம் முழுக்க பார்சல் டேப் சுற்றி, மோட்டார் நனையாதபடி அதை இறக்கைக்கு மேல் ஒரு மேடை கட்டி ஏற்றி, பின்னால் ஒரு குட்டி ஃபேன் மாட்டியிருந்தார். ரிமோட்டைத் தட்டினால் தண்ணீரில் ஓடி, எழும்பி, பறந்து, மறுபடி தண்ணீரிலேயே இறங்க வேண்டும். எடை முக்கால் கிலோ.

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “சாயங்காலம் குப்பை வண்டி வரும்போது இது வாசல்ல இருக்கும். மூணு மாசமா மடியில தட்டை வச்சுச் சாப்பிடறேன். தலை வாரினா சீப்புல தெர்மாகோல் மணி வருது.”

“உயிரைக் காப்பாத்தின விமானம், குப்பைக்கா?”

“போன வாரம் இது மேகத்துக்குள்ள போய் நனைஞ்சுட்டு வந்துச்சுன்னீங்க. ஒரே ஒரு சாட்சி கொண்டு வாங்க, கூடத்துக்கு நடுவுலயே வச்சுக்குங்க.”

சோபாவில் சாய்ந்திருந்த மனைவியின் தம்பி சிரித்தார். பள்ளியில் இயற்பியல் வாத்தியார். நேற்று பீரோ நகர்த்த அக்கா கூப்பிட்டதற்கு, இடுப்பு பிடித்துக்கொண்டது என்று போனிலேயே முனகியவர். இன்று அக்கா கொடுத்த வெந்நீர்ப் பையை இடுப்பில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“மாமா, இது தண்ணியை விட்டு எழும்பாதுன்னு நான் கணக்குப் போட்டே காட்டினேன்.”

“எழும்புச்சு மாப்ள. அடிவயித்துல ஒரு படி வெட்டினேன். அது இல்லேன்னா தண்ணி பழைய சிநேகிதன் மாதிரி பிடிச்சு உட்கார வச்சுக்கும். மூணு சுத்து சுத்தி, வாத்து கணக்கா இறங்குச்சு. அப்பத்தான் பார்க்கிறேன், நடு ஏரியில ஒரு படகு. உள்ள ஒருத்தர், மீன் பிடிக்கப் போய் துடுப்பைத் தவறவிட்டுட்டாரு. ஆளு தொண்ணூத்தஞ்சு கிலோ இருப்பாரு.”

“இப்பதான் தொண்ணூறுன்னீங்க,” என்றாள் மனைவி.

“சட்டை நனைஞ்சிருந்துச்சில்ல.”

“முக்கால் கிலோ எப்படி மாமா அவ்வளவு பெரிய ஆளை இழுக்கும்? நான் பாடப்புத்தகத்தைக் கிழிச்சுப் போட வேண்டியதுதான்.”

“ஆளை இழுத்தது நான். மோட்டார் நின்னுபோனா இழுத்துக்கலாம்னு ஒரு கண்டு தூண்டில் நரம்பு வச்சிருந்தேன். அதை வால்ல கட்டி, தண்ணி மேலயே ஓட்டிப் படகுக்கு அனுப்பினேன். அவரு நரம்பைப் படகுல கட்டினாரு, நான் கரையிலேருந்து மெல்லச் சுத்தினேன். மிதக்கிற படகு விரலுக்கே நகரும்னு உன் புத்தகத்துலயே இருக்குமே.”

“கையால தண்ணியைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கலாமே,” என்றாள் மனைவி.

“தள்ளினாரு. படகு பம்பரமாச் சுத்துச்சு.”

“எதிர்க்காத்துல யார் தள்ளினாலும் சுத்தத்தான் செய்யும்,” என்றார் வாத்தியார் வெடுக்கென்று. “அது இயற்பியல்.”

“சரி, நீந்தி?”

“கேட்டேன். தண்ணி சில்லுனு இருக்குன்னாரு.”

“அவர் பேரென்ன?”

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். “சொல்லமாட்டேன். மானஸ்தர். வாக்குக் குடுத்திருக்கேன்.”

“ஆளும் இல்லை, பேரும் இல்லை.” வாத்தியார் வெந்நீர்ப் பையைத் திருப்பி வைத்துக்கொண்டார். “அக்கா, மாமா விட்டதுலயே இதுதான் ரொம்ப உயரமாப் பறக்குது.”

தெருமுனையில் குப்பை வண்டியின் மணி கேட்டது. மனைவி எழுந்து விமானத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். மெக்கானிக்கின் முகம், இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி ஆயிற்று. அவள் வாசற்படியை எட்டினாள்.

“போகட்டும். ஆனா அந்த மனுஷன் அழுத அழுகை இருக்கே,” என்று மெல்ல ஆரம்பித்தார். “நூத்திப்பத்து கிலோ உடம்பு. விமானம் பக்கத்துல வந்ததும் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாரு. ஏரியில அரை அடி தண்ணி ஏறிப்போச்சு. மூக்கைச் சிந்திக்கிட்டே, ‘ஐயா தெர்மாகோலு, இனிமே உன்னைக் கிண்டலே பண்ணமாட்டேன்’னு...”

வெந்நீர்ப் பை தரையில் விழுந்தது. வாத்தியார் துள்ளி எழுந்து நின்றார். இடுப்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தது.

“எண்பத்திரண்டு கிலோதான் அக்கா. அப்புறம், நான் ஒண்ணும் அழலை, அந்த ஃபேன் அடிச்ச தண்ணிதான் கண்ணுல பட்டுச்சு.”