பதினோரு வரி ஷரத்து

ஆம்பூர் டேனரியில் சாப்பாட்டு நேரம், மெஷின்கள் ஓய்ந்திருக்கின்றன. ஜன்னல் வெயில் விழும் மேசையில் ஆபீஸ் டைப்பிஸ்ட் ஃபீபி பழைய கேள்வித்தாளை விரித்திருக்கிறாள். ஒப்பந்த ஷரத்தை இரு தரப்புக்கும் நியாயமாக, புரியும்படி திருத்தி எழுத வேண்டும். சட்டத் தேர்வில் இரண்டு முறை அவளைக் கவிழ்த்த கேள்வி. நாளையும் கவிழ்ந்தால் படிப்பை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள் வீட்டில். ‘மேற்சொன்ன’, ‘இதன்கீழ்’, ‘எக்காலத்தும்’ என்று பதினோரு வரிக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போகிறது; மாப்பிள்ளையைத்தான் காணோம். வாங்குகிறவர் பிடிக்காத தோலை எப்போது வேண்டுமானாலும் ஆகாதென்று கழிக்கலாம், அவ்வளவுதான் விஷயம். கைடில் இருக்கும் மாதிரி விடையோ பதினாறு வரி. இரண்டு முறையும் அதைத்தான் ஒப்பித்தாள். “இன்னாடி, மூச்சு வுடாம எழுதினாதான் வக்கீலா? அஞ்சு நிமிஷம்தான் கீது” என்கிறாள், கடிகாரத்தோடு பரீட்சை அதிகாரியாகிவிட்ட அம்பிகா. அவளுக்குத் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. சொல்லிக்கொண்டே, பழக்க தோஷத்தில், ஒரு தோலை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கிறாள். டியூப்லைட்டில் எந்தத் தோலும் சீக்காளி மாதிரிதான் தெரியும். ஃபீபி கைடை மூடுகிறாள். பேனா ஓடுகிறது. ‘தோல் வந்த ஏழு நாளுக்குள், பகல் வெளிச்சத்தில், இரு தரப்பும் சேர்ந்து பார்த்தே கழிக்க வேண்டும்.’ எட்டாவதோடு நின்ற அம்பிகா அதை ஓரிடத்திலும் திக்காமல் படிக்கிறாள். “அப்ப லைட்ட போட்டுக்னு, தனியா பாத்து, ஆவாதுன்னு தள்ள முடியாதா?” “முடியாது.” “எனக்கே புரியுதே! மார்க்கு போடுவானாடி?” “புரியணும்னுதான்டி கேட்டிருக்கான்” என்று சிரித்தபடி, அடுத்த ஷரத்தின் முதல் ‘மேற்சொன்ன’வைக் கோடு போட்டு அடிக்கிறாள் ஃபீபி.