இருமலே இல்லை

"வேற ஏதாவது வியாதி இருக்கா சார்?"

"ஒண்ணும் கிடையாது."

"சர்க்கரை?"

"இல்லை."

"ரத்தக் கொதிப்பு?"

"அதெல்லாம் எனக்கு எதுக்கு?" வாசலில் வந்து விற்பவரிடம் வேண்டாம் என்பதுபோல் சொன்னார் பெரியவர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கைப்பையைத் திறந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது யாருதும்மா?" என்று கேட்டார் மூட்டு டாக்டர்.

"இவருக்கு இல்லாத வியாதிக்கு இவர் சாப்பிடற மாத்திரை."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பெரியவர் மனைவியை முறைத்தார்.

முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கி வைத்திருந்தது. எந்த மாத்திரைக்கும் அது மசியவில்லை. மிச்சமிருந்தது பயாலஜிக் என்கிற புதுவகை ஊசி ஒன்றுதான். இன்று காலை அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதுகூட மனைவிதான். மூட்டு வலியைவிட அதுதான் அதிகமாக வலித்தது. இன்றைக்கு ஊசி போட்டுக்கொள்ளாமல் வீடு திரும்புவதில்லை என்று வந்திருந்தார். என்ன பதில் சொன்னால் ஊசி தள்ளிப்போகும் என்பது அவருக்கு அத்துப்படி.

"சர்க்கரையும் கொதிப்பும் மருந்துல அடங்கியிருந்தா பரவாயில்லை. இருமல் உண்டா?"

"இருமலா? சேச்சே."

சொல்லி வாய் மூடவில்லை, தொண்டைக்குள் ஏதோ கிளம்பியது. மூச்சைப் பிடித்தார். கூரையைப் பார்த்தார். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி, கடைசியில் அறையே அதிர இருமித் தீர்த்தார்.

"தூசி" என்றார்.

"ஒரு மாசமா தூசி டாக்டர். ராத்திரி முழுக்கத் தூசி" என்றாள் மனைவி.

"நீ எந்தக் கட்சி?"

"உங்க கட்சிதான். அதனாலதான் சொல்றேன்." அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "இருமலுக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்? இவர் வீட்டுல எதையும் வாய் திறந்து சொல்றதில்லை."

"இந்த ஊசி எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் அடக்கும்மா. உள்ள காசநோய்க் கிருமி தூங்கிட்டிருந்தா எழுந்து ஆட ஆரம்பிச்சிடும். அதனால நெஞ்சுப் படமும் சளிப் பரிசோதனையும் சரின்னு வரணும். அதுவரைக்கும் ஊசி கிடையாது."

"அதுவரைக்கும் இவதான் எனக்குச் சட்டை மாட்டிவிடணுமா?" பெரியவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. "இந்த ஒரு தடவை கண்டுக்காம விடுங்களேன்."

"முடியாது சார். இருமல் இருக்கறவங்களுக்கு ஊசி போட்டா, போட்ட டாக்டரையே வீட்டுக்கு அனுப்பிடலாம்னு இங்க விதி."

"எந்த மடையன் போட்ட விதி அது?"

மனைவி சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, பணிவாகச் சொன்னார்:

"நீங்க போட்டதுதான் சார். இந்த ஆஸ்பத்திரியில நெஞ்சு நோய்ப் பிரிவுக்குத் தலைவரா இருந்தப்ப."