மிஞ்சிய ஜோடி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, பூந்தமல்லியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எண்பத்தெட்டாம் வருஷம். வெள்ளைக்காரர் காலத்தில் செங்கல்லால் கட்டிய கடைக் கட்டடம் அது. மாடியில் வளைவு வைத்த பன்னிரண்டு சன்னல்கள். அரசாங்கம் பாதுகாக்கும் கட்டடம் என்பதால் ஓர் ஆணி கூடினாலும் ஆபீசர் பொறுக்கமாட்டார். சன்னல் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த உத்தமனுக்கு இதுதான் முதல் காண்டிராக்ட். எண்ணிக்கை பிசகினால் இதுவே கடைசியும்.

அதனால் கழற்றும்போதே ஒவ்வொரு ஜோடிக்கும் கீல் பக்கத்தில் சாக்பீஸால் எண் போட்டு வைத்தான்.

நாலாம் நாள் மத்தியானம் பன்னிரண்டு சன்னலுக்கும் கதவு மாட்டியாயிற்று. சுவரோரம் ஒரு ஜோடி மிஞ்சியது. அதில் அவன் கையெழுத்திலேயே பதின்மூன்று.

“இன்னா மாமே, உன் ஊட்டுக் கதவையும் எட்த்துகினு வந்துட்டியா?” என்று சிரித்தான் கூட்டாளி கஜபதி.

“கம்முனு இரு நைனா. நாலு மணிக்கு ஆபீசர் எண்ண வராரு.”

மூன்று தடவை எண்ணிப் பார்த்தான். பிறகு அந்த ஜோடியைச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டி, பக்கத்து ஊரான நசரத்பேட்டைக்கு மிதித்தான். அங்கே அவன் குடியிருந்தது சன்னலே இல்லாத ஒற்றை அறை.

மனைவி கண்ணம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “சன்னல் கதவைக் கழட்டிகினு போய் நாலு நாளாவுது. ஊடெல்லாம் தூசிய்யா!”

உள்ளே, அறையின் பின்சுவரில், செங்கல் வளைவு வைத்த சன்னல் ஒன்று திறந்து கிடந்தது. உத்தமன் எட்டிப் பார்த்தான். கீழே பூந்தமல்லிக் கடைத்தெரு. அதன் நடுவில் நின்று, அண்ணாந்தபடி, ஆபீசர் விரல் நீட்டிச் சன்னல்களை எண்ணிக்கொண்டு வந்தார். பதின்மூன்றாவதாக விரல் உத்தமனிடம் வந்து நின்றது.

உங்கள் வீட்டுச் சன்னல்கள் நீங்கள் வைத்த கணக்கிலேயே இருக்கட்டும். காற்றும் வெளிச்சமும் மட்டும் அவற்றில் வந்து போகட்டும், கண்ணுகளா.